நிமிடத்துக்கு ஒரு காமா: வானியல் கேள்வி பதில்

சென்ற இதழில் லடாக்கின் ஹன்லேயில் இயங்கும் 21 மீட்டர் மேஸ் காமாக் கதிர்த் தொலைநோக்கி பற்றி அரைப் பக்கக் குறிப்பு வந்திருந்தது. அதைத் தொட்டு வந்த கேள்விகளே இந்த மாதப் பகுதி முழுவதையும் பிடித்துக்கொண்டன. ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துவிட்டோம். அளவு ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறோம். கண்ணுக்குத் தெரியும் ஒளித்துகளின் ஆற்றல் 2 அல்லது 3 எலக்ட்ரான் வோல்ட். 100 கோடி எலக்ட்ரான் வோல்ட் ஒரு ஜி.இ.வி.; 1,000 ஜி.இ.வி. ஒரு டி.இ.வி.; 1,000 டி.இ.வி. ஒரு பி.இ.வி. இங்கே பேசப்போவது பெரும்பாலும் டி.இ.வி. ஆற்றலுள்ள காமாக் கதிர் ஒளித்துகள்கள் (சுருக்கமாகக் ‘காமா’) பற்றித்தான்.

காமாக் கதிரைக் காற்று தடுத்துவிடும் என்று பாடப்புத்தகத்தில் இருக்கிறது. அப்படியானால் தரையில் தொலைநோக்கி எதற்கு? செயற்கைக்கோள் அனுப்பினால் போதாதா?
பள்ளி ஆசிரியை, விருதுநகர்

பாடப்புத்தகம் சொல்வது சரி. ஒரு காமாகூடத் தரைக்கு வராது. செயற்கைக்கோள் போதாது என்பதற்கு ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

ரிஷப ராசியில் உள்ள நண்டு நெபுலாவை எடுத்துக்கொள்வோம். 1054-இல் சீன வானியலாளர்கள் பதிவு செய்த விண்மீன் வெடிப்பின் மிச்சம் அது. சுமார் 6,500 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. இந்தத் துறையில் மற்ற மூலங்களை ஒப்பிடும் அளவுகோலும் அதுதான். அதிலிருந்து 1 டி.இ.வி.க்கு மேற்பட்ட காமாக்கள் ஒரு சதுர மீட்டருக்கு நொடிக்கு ஏறத்தாழ ஒரு கோடியில் இரண்டு பங்கு வருகின்றன. அதாவது 50 லட்சம் நொடிக்கு ஒன்று, இரண்டு மாதத்துக்கு ஒன்று. விண்வெளியில் உள்ள ஃபெர்மி கருவியின் பயன்படு பரப்பே ஒரு சதுர மீட்டர் அளவுதான். நண்டே இப்படியென்றால், அதன் நூற்றில் ஒரு பங்கு வெளிச்சம் உள்ள மூலத்துக்கு என்ன செய்வது?

இங்கேதான் காற்றே கருவியாகிறது. ஒரு டி.இ.வி. காமா சுமார் 20 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு காற்றணுவின் அருகே எலக்ட்ரான், பாசிட்ரான் (எலக்ட்ரானின் நேர்மின் இணை) என்று இரண்டாகப் பிரிகிறது. அவை புதிய காமாக்களை உமிழ்கின்றன. அந்தக் காமாக்கள் மறுபடி பிரிகின்றன. 10 கிலோமீட்டர் உயரத்தை நெருங்கும்போது துகள் கூட்டம் உச்சத்துக்கு வந்து, பிறகு தேய்ந்துவிடுகிறது. இதைத் துகள் பொழிவு என்கிறோம், ஆய்வுக்கூடப் பேச்சில் ‘ஷவர்’. அந்த எலக்ட்ரான்கள் காற்றில் ஒளி செல்லும் வேகத்தைவிடச் சற்று விரைந்து போவதால் நீலநிறச் செரன்கோவ் ஒளி பிறக்கிறது. காற்றின் ஒளிவிலகல் எண் 1-ஐவிட மிகக் கொஞ்சமே கூடுதல் என்பதால், ஒளி ஒரு பாகை அளவுக் கூம்பாக முன்னோக்கியே விரிகிறது. தரையில் அது சுமார் 120 மீட்டர் ஆரமுள்ள வட்டமாக விழும். 2,000 மீட்டர் உயர மலையில், 1 டி.இ.வி. பொழிவுக்குச் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 100 ஒளித்துகள் கிடைக்கும். எல்லாம் சில நானோ நொடிக்குள் வந்து முடிந்துவிடும்.

அந்த வட்டத்துக்குள் எங்கே கண்ணாடி இருந்தாலும் பொழிவு தெரியும். ஆகவே பிடிக்கும் பரப்பு கண்ணாடியின் பரப்பன்று, ஒளி விழும் வட்டத்தின் பரப்பு. பல தொலைநோக்கிகள் சேர்ந்தால் 1 லட்சம் சதுர மீட்டர் எளிதில் வரும். இப்போது பழைய கணக்கைப் போட்டால், இரண்டு மாதத்துக்கு ஒன்று என்பது நிமிடத்துக்கு ஒன்றாகிவிடுகிறது.

அது என்ன கேமரா? சாதாரண டிஜிட்டல் கேமராவை அந்தக் கண்ணாடியின் குவியத்தில் வைத்தால் ஆகாதா?
புகைப்படக் கலைஞர், கும்பகோணம்

ஆகாது. நமீபியாவில் உள்ள ஹெஸ் தொலைநோக்கிகளை வைத்துச் சொல்கிறோம். 12 மீட்டர் தொலைநோக்கி ஒவ்வொன்றிலும் 60 செ.மீ. விட்டமுள்ள 382 சிறு கண்ணாடிகள், சேர்ந்து சுமார் 107 சதுர மீட்டர். குவியத்தில், மிக மங்கலான ஒளியையும் மின்துடிப்பாக மாற்றும் 960 ஒளிப்பெருக்கிக் குழாய்கள். ஒவ்வொரு குழாயும் ஒரு பிக்சல், வானத்தில் 0.16 பாகையைப் பார்க்கும்.

நிலவில்லாத இருண்ட வானமும் முழுக் கருமையாக இருப்பதில்லை. அந்தப் பின்னணி ஒளியால் ஒவ்வொரு பிக்சலிலும் நொடிக்குச் சுமார் 10 கோடி ஒளி எலக்ட்ரான்கள் (ஒளி பட்டுக் குழாயில் வெளிப்படும் எலக்ட்ரான்கள்) தட்டிக்கொண்டே இருக்கும். மின்சுற்றின் பதிவுக் கதவை 16 நானோ நொடி திறந்தால் அதில் இரண்டுதான் விழும். பொழிவு தரும் சில பத்து எலக்ட்ரான்கள் பளிச்சென்று தெரியும். உங்கள் கேமராவின் மிகச் சிறிய ஷட்டர் நேரம் ஒரு மில்லி நொடியின் பகுதி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மில்லி நொடிக்கே 1 லட்சம் விழுந்துவிடும், பொழிவு அதில் மூழ்கிப்போகும்.

எப்போது கதவைத் திறப்பது என்று யார் சொல்வது? பக்கத்துப் பக்கத்துப் பிக்சல்கள் சிலவற்றில் ஒரே நேரத்தில் ஒளி எகிறினால் மின்சுற்று தானாகச் சேமிக்கும். இரண்டு தொலைநோக்கிகள் சில பத்து நானோ நொடிக்குள் ஒத்துச் சொன்னால்தான் பதிவு செய்வது என்பது அடுத்த சல்லடை. அப்படியும் நொடிக்குச் சில நூறு பதிவுகள் வரும்.

நொடிக்குச் சில நூறு பதிவு, அதில் நிமிடத்துக்கு ஒன்றிரண்டு காமா. மற்றதெல்லாம் என்ன? எப்படிப் பிரிக்கிறார்கள்?
முதுகலை மாணவி, திருச்சி

மற்றதெல்லாம் காஸ்மிக் கதிர்கள். பெரும்பாலும் புரோட்டான்கள், எல்லாத் திசையிலிருந்தும் வருபவை. இந்தத் துறையில் காமாவைப் பிடிப்பது பெரிய வேலையில்லை. பிடித்ததில் பத்தாயிரத்துக்கு ஒன்றைத் தவிர மற்றதைத் தூக்கிப்போடத் தெரிவதுதான் வேலை. அமெரிக்காவின் அரிசோனாவில் விப்பிள் 10 மீட்டர் தொலைநோக்கி 1968-இலேயே எழுந்துவிட்டது. நண்டு நெபுலாவை ஐயமில்லாமல் காட்டியது 1989-இல். இடைப்பட்ட இருபது ஆண்டுகளும் சல்லடை தேடியதில் போனவை.

சல்லடையைத் தந்தவர் மைக்கேல் ஹில்லஸ். 1985-இல் அவர் கணினிப் போலச்செய்தலில் காட்டியது இது: காமாவின் பொழிவில் எலக்ட்ரான், பாசிட்ரான், ஒளி மட்டுமே இருப்பதால் அது ஒடுங்கி ஒழுங்காக வளர்கிறது. கேமராவில் அதன் உருவம் மெல்லிய நீள்வட்டம். புரோட்டான் காற்றணுவில் மோதினால் பையான்கள் என்ற குறுகிய ஆயுள் துகள்கள் பக்கவாட்டில் சிதறி, ஒவ்வொன்றும் தன் பங்குக்குக் கிளைப்பொழிவைத் தொடங்கும். படம் அகன்று, திட்டுத்திட்டாக இருக்கும். கேமராவில் சோற்றுப் பருக்கை போல விழுந்தால் காமா என்று எண்ணலாம், கொட்டிய குழம்பு போல விழுந்தால் புரோட்டான்.

நடைமுறை வரிசை இப்படி. முதலில் வான்பின்னணி மட்டும் உள்ள பிக்சல்களைத் துடைக்க வேண்டும். 10 ஒளி எலக்ட்ரானுக்கு மேல் பெற்று, பக்கத்தில் 5-க்கு மேல் பெற்ற ஒன்றாவது இருக்கும் பிக்சலை வைத்துக்கொள், மற்றதை விடு என்பது போன்ற இரட்டை வரம்பு. பிறகு மிச்சமுள்ள உருவத்தின் அகலம், நீளம், மொத்த ஒளி, மையம் ஆகியவற்றைக் கணக்கிட வேண்டும். அந்த அகலத்தை, அதே ஒளியும் அதே தொலைவும் உள்ள காமாவுக்குப் போலச்செய்தலில் கிடைத்த சராசரியோடு ஒப்பிடுவது மூன்றாவது. கடைசியாகத் திசை. நீள்வட்டத்தின் நெட்டச்சு, மூலம் இருக்கும் புள்ளியை நோக்கியே இருக்கும். இரண்டு தொலைநோக்கிகளின் நெட்டச்சுகளை ஒரே படத்தில் நீட்டினால் வெட்டும் இடமே காமா வந்த திசை.

திசைச் சல்லடையின் வலிமையைப் பலர் குறைத்து மதிப்பிடுகிறார்கள். 5 பாகை அகலமுள்ள பார்வைப் பரப்பில் 0.1 பாகை ஆரமுள்ள வட்டத்தை மட்டும் எடுத்தால், பரப்பில் 625-இல் ஒரு பங்கு. எல்லாத் திசையிலிருந்தும் வரும் புரோட்டான்களில் அந்த அளவே உள்ளே வரும். காமாக்களில் பெரும்பகுதி உள்ளேயே இருக்கும்.

எங்கே தவறும்? துடைக்கும் வரம்பைத் தளர்த்தினால் வான்பின்னணிப் பிக்சல் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு அகலத்தைக் கூட்டிவிடும், நல்ல காமா புரோட்டானாகத் தள்ளுபடியாகும். வரம்பை இறுக்கினால் சிறிய படங்கள் போய்விடும், குறைந்த ஆற்றல் பகுதியே காணாமற்போகும். உருவம் கேமராவின் விளிம்பில் வெட்டுப்பட்டால் நீளமும் மையமும் பொய் சொல்லும். அப்படிப்பட்டதை இரக்கமில்லாமல் நீக்குவதே நல்லது.

ஒரு கட்டுரையில் மூலப் பகுதியில் 120 நிகழ்வு, பின்னணி 80 என்றிருந்தது. பாதிக்குப் பாதி கூடுதல். ஆனாலும் ‘கண்டுபிடிப்பு’ என்று சொல்லக் கூடாதாம். ஏன்?
புள்ளியியல் மாணவர், கோவை

பின்னணி 80 என்பதை எப்படி அளந்தார்கள் என்பதில் இருக்கிறது விடை.

பழைய முறையில் மூலத்தை அரை மணி நேரம், பிறகு மூலமே இல்லாத வானத்தை அரை மணி நேரம் பார்ப்பார்கள். பாதி இரவு வெறும் வானத்துக்குப் போய்விடும். இப்போது பெரும்பாலும் தொலைநோக்கியை மூலத்திலிருந்து அரைப் பாகை தள்ளியே நிறுத்துகிறார்கள். கேமராவின் மையத்தைச் சுற்றி அரைப் பாகை ஆரத்தில் ஒரு வட்டம் வரையுங்கள். அதில் ஓரிடத்தில் மூலம், மற்ற இடங்களில் அதே அளவுள்ள பின்னணிப் பகுதிகள். மையத்திலிருந்து எல்லாம் சம தொலைவு என்பதால் கேமராவின் உணர்திறன் எல்லாவற்றுக்கும் ஒன்றே. சுமார் அரை மணிக்கு ஒருமுறை தள்ளும் திசையை மாற்றினால் கேமராவின் கோணல்களும் சராசரியாகிவிடும்.

உங்கள் எண்களைப் போட்டுப் பார்ப்போம். ஐந்து பின்னணிப் பகுதிகளில் மொத்தம் 400, ஆகவே சராசரி 80. மூலத்தில் 120. லீ, மா இருவரும் 1983-இல் தந்த சூத்திரத்தில் இது 3.75 சிக்மா, அதாவது வழக்கமான தற்செயல் ஏற்ற இறக்கத்தைப் போல 3.75 மடங்கு. ஒரே ஒரு பின்னணிப் பகுதியில் 80 என்று அளந்திருந்தால் 2.8 சிக்மாதான் வரும், ஏனென்றால் அந்த 80-லேயே ஏற்ற இறக்கம் அதிகம். துறையின் வழக்கம் 5 சிக்மா. அது நேரத்தின் வர்க்க மூலத்தோடு வளரும் என்பதால், 3.75-இலிருந்து 5-க்குப் போக மொத்த நேரம் 1.8 மடங்காக வேண்டும். உண்மையான மூலமென்றால் அது நடக்கும். தற்செயலென்றால் நேரம் கூடக்கூடச் சரிந்துவிடும்.

5 என்பது கொஞ்சம் அதிகமாகத் தோன்றலாம். ஆனால் நம் விண்மீன் மண்டலத்தின் தளத்தைத் துழாவும்போது ஆயிரக்கணக்கான புள்ளிகளில் இதே சோதனையைச் செய்கிறோம். எங்காவது ஓரிடத்தில் 3.75 தானாகவே வந்து நிற்கும். ஹெஸ் குழு 2004 முதல் 2013 வரை ஏறத்தாழ 2,700 மணி நேரம் அந்தத் தளத்தைப் பார்த்து 78 மூலங்களைப் பட்டியலிட்டது. இன்னாரென்று உறுதியாகச் சொல்ல முடிந்தது 31. அதில் 12 பல்சர் (வேகமாகச் சுழலும் இறந்த விண்மீன்) காற்று நெபுலாக்கள், 8 விண்மீன் வெடிப்பு எச்சங்கள், இரண்டும் கலந்தவை 8, இரட்டை விண்மீன்கள் 3.

தளத்தில் இன்னொரு தலைவலியும் உண்டு. ஹெஸ் ஜே1825-137 போன்ற நெபுலா ஒரு பாகை அளவுக்கு விரிந்து கிடக்கிறது. ‘வெறும் வானம்’ என்று நீங்கள் வரையும் வட்டத்துக்குள்ளேயே அதன் ஓரம் வந்து விழும். பின்னணி கூடிவிடும், மூலம் மங்கிவிடும். அதனால் தெரிந்த மூலங்களை எல்லாம் முன்கூட்டியே மறைத்துவிட்டுத்தான் பின்னணியை எடுக்க வேண்டும்.

அந்தப் பெயரில் உள்ள எண்கள் என்ன?
வாசகர், புதுக்கோட்டை

வான முகவரி. 18 மணி 25 நிமிடம் வல ஏற்றம் (வானத்தின் தீர்க்கரேகை போன்றது), தெற்கே 13.7 பாகை. ஜே என்பது 2000-ஆம் ஆண்டு நிலைப்படி அளந்தது என்பதற்கு.

நம் ஊட்டியிலோ கொடைக்கானலிலோ மேஸைக் கட்டியிருக்கலாமே? எதற்கு லடாக் குளிர்?
ஓய்வுபெற்ற பொறியாளர், உதகமண்டலம்

இந்தியாவில் இந்த வேலை தொடங்கியதே உங்கள் ஊரில்தான். பல்சர்கள் கண்டறியப்பட்ட கையோடு, 1960-களின் இறுதியில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தார் தேடுவிளக்குக் கண்ணாடிகளை வைத்து ஊட்டியில் செரன்கோவ் ஒளியைப் பார்க்கத் தொடங்கினார்கள். 1980-களில் மத்தியப் பிரதேசத்தின் பச்மாரிக்குப் போனார்கள், பின்னர் ஹன்லேக்கு.

நிலநேர்க்கோட்டைப் பார்த்தால் ஊட்டி அருமையான இடம். நண்டு நெபுலா உச்சியிலிருந்து 11 பாகைக்குள் வரும், விண்மீன் மண்டல மையம் 41 பாகைக்குள் வரும். கெடுப்பது மழை. நண்டு நள்ளிரவில் உச்சிக்கு வருவது டிசம்பர் நடுவில். அதற்கான பருவத்தின் முன்பாதியை வடகிழக்குப் பருவமழை தின்றுவிடும். மண்டல மையம் நள்ளிரவில் வருவது ஜூனில், அப்போது தென்மேற்குப் பருவமழை. நம் இரண்டு மழைகளும் வான அட்டவணையைப் பார்த்துத்தான் நாள் குறித்தன போலும்.

ஹன்லே சுமார் 4,270 மீட்டர் உயரம், பருவமழை எட்டாத குளிர்ப் பாலைவனம். உயரத்தால் இன்னொரு ஆதாயமும் உண்டு. பொழிவின் உச்சிக்கு அருகில் இருப்பதால் ஒளி வட்டம் சிறுத்து, அடர்த்தி கூடும். ஆகவே சில பத்து ஜி.இ.வி. காமாவையும் எட்டலாம். மேஸின் 356 சதுர மீட்டர் கண்ணாடியும் 1,088 பிக்சல் கேமராவும் அதற்காகவே. 2024 அக்டோபர் 4-ஆம் தேதி முறைப்படி திறந்துவைக்கப்பட்டது. ஒற்றைத் தொலைநோக்கி என்பதுதான் குறை. இரண்டு கண் இருந்தால் எளிதில் தள்ளக்கூடிய போலிகளை, ஒரு கண்ணோடு படத்தின் வடிவத்தை மட்டும் வைத்தே தள்ள வேண்டியிருக்கிறது.

ஊட்டி சும்மா இருக்கவில்லை. அங்குள்ள கிரேப்ஸ்-3 துகள்களையே எண்ணும் வலை. மேகமும் பகலும் அதற்கு ஒரு பொருட்டில்லை.

நண்டு நெபுலா வடவானில் இருக்கிறது, ஹெஸ் நமீபியாவில் இருக்கிறது. பிறகு எப்படி ஹெஸ் அதைப் பார்க்கிறது?
பிளஸ் டூ மாணவர், ஈரோடு

சாய்த்துப் பார்க்கிறது. அங்கிருந்து நண்டு மிக உயர்ந்தாலும் உச்சியிலிருந்து 45 பாகை தள்ளியே நிற்கும். சாய்வு கூடக்கூடப் பொழிவு தொலைவில் நடக்கும், ஒளி வட்டம் விரியும், அடர்த்தி குறையும். 60 பாகையில் காற்றின் கனம் இரு மடங்கு. சிறிய காமாக்கள் கண்ணுக்கே படாது. ஆனால் பெரிய காமாக்களுக்கு விரிந்த வட்டம் லாபம், ஏனென்றால் பிடிக்கும் பரப்பு பல மடங்காகும். ஸ்பெயினின் லா பால்மா தீவில் உள்ள மேஜிக் தொலைநோக்கிக் குழு இதையே உத்தியாக்கி, வேண்டுமென்றே நண்டு அடிவானத்தை நெருங்கும்போது பார்த்து 100 டி.இ.வி. வரை போனது.

இதில் கவனம் வேண்டிய இடம்: வெவ்வேறு சாய்வில் எடுத்த தரவுகளை ஒரே பயன்படு பரப்பு அட்டவணையால் வகுத்தால் நிறமாலை கோணலாகும். சாய்வுக்கு ஏற்ற அட்டவணை தனித்தனியாக வேண்டும்.

கண்ணாடியில் தூசி படியும், காற்றில் புழுதி இருக்கும். 10 கிலோமீட்டர் உயரத்தில் நடப்பதை அளக்கும் கருவியை எதை வைத்துச் சரிபார்ப்பது? கற்றை விடும் இயந்திரத்தை மேலே கொண்டுபோக முடியாதே.
கருவியியல் தொழில்நுட்பர், ஓசூர்

மிக நல்ல கேள்வி. இயற்கையே ஒரு கற்றையைத் தந்திருக்கிறது, அது மியூவான், எலக்ட்ரானைப் போன்ற ஆனால் கனமான துகள். காஸ்மிக் கதிர்ப் பொழிவில் பிறந்த மியூவான் தரைவரை வரும். அது கண்ணாடியின் மீதே விழுந்தால், கடைசிச் சில நூறு மீட்டரில் அது உமிழும் செரன்கோவ் கூம்பு கேமராவில் முழு வளையமாகத் தெரியும். ஆரம் ஏறத்தாழ 1.2 பாகைக்குள். வளையத்தின் ஆரம் தெரிந்துவிட்டால் அது எவ்வளவு ஒளி தந்திருக்க வேண்டும் என்று இயற்பியல் சொல்லிவிடும். கேமரா எவ்வளவு காட்டியது என்பதை அதோடு ஒப்பிட்டால், கண்ணாடியின் பளபளப்பும் குழாய்களின் திறனும் சேர்ந்த ஒரே எண் கிடைக்கும். அந்த எண் 10 விழுக்காடு குறைந்திருந்தால், ஒவ்வொரு காமாவின் ஆற்றலையும் 10 விழுக்காடு குறைவாகக் கணித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று பொருள். நிறமாலை செங்குத்தாக விழுவதால் பிழை அதோடு நிற்காது. 1 டி.இ.வி.க்கு மேற்பட்ட எண்ணிக்கை 15 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்து தெரியும்.

மியூவான் கண்ணாடியை விட்டுத் தள்ளி விழுந்தால் வளையம் வில்லாகும். இன்னும் தள்ளினால் சிறு கீற்று, அச்சு அசல் காமாவின் பருக்கை. மேலே சொன்ன போலி இதுதான். 100 மீட்டர் தள்ளி இரண்டாவது தொலைநோக்கி இருந்தால் அதற்கு இந்த மியூவான் தெரியவே தெரியாது. அங்கேயே அடிபட்டுப் போகும்.

இவை தவிர, ஒவ்வொரு பிக்சலின் பெருக்கத்தையும் சமப்படுத்த எல்.இ.டி. மின்னல் விளக்கு உண்டு. மேகம் கண்டுபிடிக்க அகச்சிவப்பு வெப்பமானியும் லேசர் லைடாரும் உண்டு. ஆனாலும் அனுபவப்பட்டவர்கள் முதலில் பார்ப்பது பதிவு வேகத்தைத்தான். புரோட்டான் மழை ஒரே சீராக வருவது. அந்த வேகம் பாதி வழியில் தொய்ந்தால் மெல்லிய மேகம், திடீரென எகிறினால் யாரோ வண்டி விளக்கைப் போட்டுக்கொண்டு வருகிறார்.

நிலவு நாளில் விடுமுறையா?
வாசகி, தஞ்சாவூர்

முன்பு ஆமாம். இப்போது பிறை நாட்களில் குழாய்களின் மின்னழுத்தத்தைக் குறைத்தோ, புற ஊதா வடிகட்டி போட்டோ பார்க்கிறார்கள். சிலிக்கான் உணரிகள் நிலவொளியை இன்னும் நன்றாகத் தாங்கும். முழு இருளில் மட்டும் பார்த்தால் ஆண்டுக்கு 1,000 மணி நேரம்தான் தேறும். நிலவைவிடப் பயப்பட வேண்டியது சூரியனுக்கு. பெரிய கண்ணாடி பகலில் தவறான பக்கம் திரும்பி நின்றால் குவியத்தில் உள்ளது கருகிவிடும்.

சீனாவின் லாசோ நண்டு நெபுலாவிலிருந்து 1 பி.இ.வி.க்கு மேல் காமா பார்த்ததாமே. அப்படியானால் காஸ்மிக் கதிர்களின் பிறப்பிடம் கிடைத்துவிட்டதா?
கல்லூரி மாணவர், நாகர்கோவில்

அவசரப்பட வேண்டாம். லாசோ என்ற துகள் ஆய்வகம் சிச்சுவானில் 4,410 மீட்டர் உயரத்தில், 1.3 சதுர கிலோமீட்டரில் பரந்து கிடக்கிறது. துகள் பட்டால் மினுங்கும் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட உணரிகள், மண்ணுக்கடியில் 1,188 மியூவான் உணரிகள், நடுவே நீர்க்குளங்கள். புரோட்டான் பொழிவில் மியூவான் ஏராளம், காமாப் பொழிவில் மிகச் சொற்பம். ஆகவே மேலே துகள் நிறைய, கீழே மியூவான் ஏறக்குறைய இல்லை என்றால் அது காமா. 100 டி.இ.வி.க்கு மேல் இந்தச் சல்லடை அபாரமாக வேலை செய்கிறது. 2021-இல் 12 மூலங்களை அறிவித்தார்கள். அன்னப் பறவை மண்டலத்திலிருந்து வந்த ஒரு காமா 1.4 பி.இ.வி., நண்டிலிருந்து வந்த ஒன்று 1.1 பி.இ.வி.

புரோட்டான் வாயுவில் மோதிப் பிறக்கும் காமா, புரோட்டானின் ஆற்றலில் சுமார் பத்தில் ஒரு பங்கைப் பெறும். அதனால் 100 டி.இ.வி. காமாவைக் கண்டால் 1 பி.இ.வி. புரோட்டான் நினைவுக்கு வருவது இயல்பு. ஆனால் நண்டில் அந்த வேலையை எலக்ட்ரானே செய்துவிடும். அங்கே நொடிக்கு 30 முறை சுழலும் பல்சர் இருக்கிறது. 2 பி.இ.வி.க்குச் சற்று மேற்பட்ட எலக்ட்ரான் அண்டப் பின்னணி நுண்ணலை ஒளித்துகளை மோதித் தள்ளினால் அதே 1.1 பி.இ.வி. காமா வரும். ஆற்றலை மட்டும் பார்த்துப் புரோட்டான் என்று எழுதுவது, என்னைக் கேட்டால், செய்தித்தாள்களின் அவசரம். காமாவின் வரைபடமும் வாயு மேகத்தின் வரைபடமும் பொருந்துகின்றனவா என்று பார்க்க வேண்டும். அதற்கு லாசோவின் பார்வை கொஞ்சம் மங்கல். கூர்மைக்குச் செரன்கோவ் தொலைநோக்கிகளிடம்தான் திரும்பி வர வேண்டும்.

வீட்டுக் கணினியில் உண்மைத் தரவை வைத்துப் பார்க்க வழியுண்டா?
மென்பொருள் பணியாளர், சென்னை

உண்டு. ஹெஸ் குழு 2018-இல் சோதனைத் தரவுத் தொகுப்பு ஒன்றை வெளியிட்டது. அதில் நண்டு நெபுலா பதிவுகளும் உண்டு, ஒவ்வொன்றும் 28 நிமிடம். அவற்றைப் படிக்கக் காமாபை என்ற திறந்த மூலப் பைதான் தொகுப்பு இருக்கிறது. தனிச் சூழலில் நிறுவி, தரவு இருக்கும் கோப்புறையைச் சூழல் மாறியாகக் கொடுத்துவிட்டு, நண்டைச் சுற்றி 0.11 பாகை ஆரத்தில் வட்டம் போடுங்கள். பிரதிபலிப்பு முறையில் (மேலே கோவை மாணவருக்குச் சொன்ன வட்ட முறை) பின்னணிப் பகுதிகளை அதுவே அமைக்கும். நிறமாலையை எளிய அடுக்கு விதிக்குப் பொருத்தினால் அடுக்கு 2.6-ஐ ஒட்டி வர வேண்டும். வெகுவாக விலகினால் பெரும்பாலும் காரணம் ஒன்றே: பாதுகாப்பான ஆற்றல் வரம்பைப் போட மறந்திருப்பீர்கள். வரம்புக்குக் கீழே பயன்படு பரப்பு செங்குத்தாகச் சரிவதால், அங்கே சிறு பிழையும் கோட்டை வளைத்துவிடும்.

எங்கள் ஆய்வகத்தில் பழைய காமா நிறமாலைமானியின் 5 செ.மீ. ஒளிப்பெருக்கிக் குழாய் இருக்கிறது. மாணவர்களுக்குச் செரன்கோவ் ஒளியைக் காட்ட முடியுமா?
இயற்பியல் விரிவுரையாளர், தூத்துக்குடி

முடியும். 1952-இல் இங்கிலாந்தின் ஹார்வெல்லில் கால்பிரெய்த்தும் ஜெல்லியும் முதன்முதலில் பார்த்தது ஒரு குப்பைத் தொட்டிக்குள் 25 செ.மீ. கண்ணாடியும் 5 செ.மீ. குழாயும் வைத்துத்தான். தெரியப்போவது நண்டு நெபுலா அன்று, பல பத்து டி.இ.வி. காஸ்மிக் கதிர்களின் பொழிவு.

25 செ.மீ. விட்டம், 30 செ.மீ. குவியத் தூரமுள்ள கண்ணாடி என்று வைத்துக்கொண்டால் பார்வை ஒன்பதரைப் பாகை. இருண்ட வானத்திலேயே குழாயில் நொடிக்கு 40 கோடி ஒளி எலக்ட்ரான் பிறக்கும், 10 நானோ நொடிக்கு நான்கு. ஆகவே வரம்பை 15-ஐ ஒட்டி வையுங்கள். பெருக்கம் 10 லட்சம் என்றால் நேர்மின்முனையில் 60 மைக்ரோஆம்பியர் ஓடும், அது குழாய் தாங்கும் எல்லைக்கு அருகில். நகர வானம் இதைப்போலப் பத்து மடங்கு வெளிச்சம், குழாய் பாழாகும். மின்னழுத்தத்தைக் குறைத்துப் பெருக்கத்தை 1 லட்சத்துக்குக் கொண்டுவந்து, வெளியே வேகப் பெருக்கி ஒன்றைச் சேருங்கள்.

பழைய நிறமாலைமானிக் குழாயின் அடிப்பகுதியில் முன்பெருக்கி ஒட்டியிருக்கும். அதன் வேகம் மைக்ரோ நொடிகளில்தான், நானோ நொடித் துடிப்பை அது கரைத்துவிடும். அதைத் தாண்டி நேர்மின்முனையிலிருந்தே 50 ஓம் கம்பியில் எடுத்து, அலைவரைவியில் 50 ஓம் முடிப்புப் போடுங்கள். முடிப்பு இல்லாவிட்டால் ஒரே துடிப்பு எதிரொலித்து நான்காகத் தெரியும். அறை வெளிச்சத்தில் மின்னழுத்தம் கொடுக்கவே கூடாது. கொடுக்காமல் வெளிச்சத்தில் வைத்தாலும் சில மணி நேரம் இருட்டுத் துடிப்பு கூடுதலாக இருக்கும், பகலிலேயே மூடிவிடுங்கள்.

இரண்டாவது குழாயும் கண்ணாடியும் கிடைத்தால் பக்கத்தில் வைத்து ஒத்திசைவு கேளுங்கள். ஒவ்வொன்றிலும் நொடிக்கு 1,000 பொய்த் துடிப்பு இருந்தாலும், 20 நானோ நொடிச் சாளரத்தில் தற்செயலாகச் சேர்வது நிமிடத்துக்கு இரண்டு மூன்றுதான். வரம்பைக் கொஞ்சம் ஏற்றி 300 ஆக்கினால் ஐந்து நிமிடத்துக்கு ஒன்றாகிவிடும்.

ஊருக்குள் வேண்டாம். துறைமுக வெளிச்சம் ஒருபுறம், உப்புக் காற்று கண்ணாடியில் படிவது மறுபுறம். விளாத்திகுளம் பக்கம் கரிசல் காட்டுக்குள், தெருவிளக்கு கண்ணில் படாத இடமாகப் பார்த்து, அமாவாசையை ஒட்டி மார்ச் மாதத்தில் போங்கள். பனி இறங்கினால் கண்ணாடியின் பின்னால் ஒரு சின்ன வெப்பக் கம்பி உதவும். முதலில் மூடியை மூடி 20 நிமிடம் எண்ணுங்கள், பிறகு திறந்து உச்சியை நோக்கி 20 நிமிடம், பிறகு அடிவானத்துக்குச் சாய்த்து 20 நிமிடம். உச்சியில் அதிகம், சாய்வில் குறைவு, மூடியபோது ஏறக்குறைய இல்லை என்று வர வேண்டும். தாழ்ந்த மேகம் வந்து மூடும்போதும் எண்ணிக்கை குறையாமல் அப்படியே இருந்தால், நீங்கள் எண்ணிக்கொண்டிருப்பது வானத்தையன்று, உங்கள் மின்சுற்றின் இரைச்சலை.